முதுகுவலிக்குப் போன இடத்தில் மனச்சோர்வு மாத்திரை

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். ஐந்து வருடமாகக் கீழ்முதுகில் வலி. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்தாயிற்று. ‘ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கு, ஆபரேஷன் தேவையில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு எரிகிறது. ராத்திரியில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் பெரிய விஷயம். புதிதாகப் பார்த்த டாக்டர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை ராத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப் பையன் அட்டையை எடுத்துக் கொடுக்கும்போதே, ‘அக்கா, இது டிப்ரஷனுக்குக் கொடுக்கறது, டாக்டர் சொன்னாரா?’ என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து அட்டை பிரிக்கப்படாமல் பீரோவுக்குள் இருக்கிறது. இதைப் போட்டால் முதுகுவலி போகுமா, போட்டால் பழகிவிடுமா, டாக்டர் என்னை மனநோயாளி என்று நினைக்கிறாரா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியாகக் கேட்டதுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. வலிக்கிறது என்று போனவருக்கு மனசுக்கான மாத்திரையைக் கொடுத்தால், ‘உனக்கு வலியே இல்லை, எல்லாம் உன் நினைப்பு’ என்று சொல்லாமல் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. அதுவும் ஐந்து வருடம் வீட்டிலும் கம்பெனியிலும் ‘இவளுக்கு எப்பப் பார்த்தாலும் முதுகுவலி’ என்று கேட்டுப் பழகியவருக்கு அது இன்னும் சுருக்கென்று தைக்கும். நான் மயக்க மருந்தியல் படித்துவிட்டு வலி சிகிச்சைப் பக்கம் வந்தவன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று, ‘சார், இது வேற யாரோ ஒருத்தருக்கு எழுதினதா?’ என்று திரும்பி வந்து கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு அவர்கள் மேல் இல்லை. எழுதும்போதே இரண்டு வாக்கியம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும்போது அந்த இரண்டு வாக்கியம்தான் முதலில் விட்டுப்போகிறது. உங்களை நான் தொட்டுப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. அதனால் உங்கள் முதுகைப் பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையதுதான். மாத்திரையைப் பற்றித் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர்ப் பிரச்சினையை முடித்துவிடலாம். ஒரு மருந்து முதன்முதலில் எந்த நோய்க்கு வந்ததோ அந்த நோயின் பெயர் அதன் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பிரின் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வந்தது. இன்று மாரடைப்பு வந்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் போடுகிறார்கள். புரோப்ரனலால் இதயத்துக்கு வந்த மாத்திரை. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் அதைக் கொடுக்கிறோம். அந்த மாதிரிதான் இதுவும். இந்த வகையில் முதல் மருந்து இமிப்ரமின். 1950-களில் ஸ்விட்சர்லாந்தில் ரோலன்ட் குன் என்ற மனநல மருத்துவர் அது மனச்சோர்வைக் குறைக்கிறது என்று கண்டார். 1960-லேயே பிரான்சில் சில மருத்துவர்கள் அதை வலி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்துவிட்டார்கள். அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது 1961-ல். அதாவது மனச்சோர்வுக்கு எவ்வளவு காலமாகக் கொடுக்கிறார்களோ, ஏறக்குறைய அவ்வளவு காலமாக வலிக்கும் கொடுக்கிறார்கள். சர்க்கரை நோயில் பாதம் எரிவதற்கும், அக்கி வந்து போன இடத்தில் நிற்கும் வலிக்கும், அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலிக்கும் மனச்சோர்வு துளியும் இல்லாதவர்களுக்கு இது தினமும் எழுதப்படுகிறது.

அளவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் கொடுப்பதென்றால் பெரும்பாலும் 75 முதல் 150 மி.கி. வரை போக வேண்டியிருக்கும். வலிக்கு 10 மி.கி.-யில் ஆரம்பிக்கிறோம், பலருக்கு 25-க்கு மேல் போவதே இல்லை. இந்தச் சின்ன அளவில் அது மனச்சோர்வை ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த வாதத்தை எல்லா மருந்துக்கும் நீட்டக் கூடாது. டுலாக்செட்டின் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் மனச்சோர்வுக்கும் 60 மி.கி.தான், வலிக்கும் 60 மி.கி.தான். அதைக் கொடுத்தாலும் மனநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் ‘அளவு கம்மி’ என்ற சமாதானம் அங்கே செல்லாது.

சரி, மனசுக்கான மருந்துக்கு முதுகில் என்ன வேலை? உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ஆர்டர் நெருக்கடியில் பீஸ் குவிந்துகிடக்கும்போது விரலில் ஊசி உரசி ரத்தம் வந்திருக்கும். நீங்கள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். டீ பிரேக்கில் டம்ளரைப் பிடிக்கும்போதுதான் எரியும். காயம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இடையில் மூளை அந்தச் செய்தியை மேலே வரவிடாமல் அமுக்கி வைத்திருந்தது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் சில நரம்புப் பாதைகளுக்கு இதுதான் வேலை. கீழேயிருந்து வரும் வலிச் செய்திக்கு வாசலிலேயே பிரேக் போடும். அந்தப் பிரேக்கை அழுத்தப் பயன்படும் வேதிப்பொருட்களில் முக்கியமானவை நார்அட்ரினலினும் செரட்டோனினும். மனநிலையோடு சம்பந்தப்பட்டதும் அதே இரண்டுதான். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் பயன்படுகிறது, அவ்வளவுதான். அமிட்ரிப்டிலினும் டுலாக்செட்டினும் அந்தச் சரக்கை நரம்பு முனையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வைக்கின்றன. வலிக்கு உதவுவதில் பெரிய பங்கு நார்அட்ரினலினுக்கு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். செரட்டோனினை மட்டும் கூட்டும் ஃப்ளுவாக்செட்டின் மாதிரி மாத்திரைகள் முதுகுவலிக்கு எடுபடாததும் அதோடு ஒத்துப்போகிறது.

புதிதாக அடிபட்ட வலிக்கும் ஐந்து வருட வலிக்கும் இந்த இடத்தில்தான் வித்தியாசம். நாள்பட்ட வலியில் பிரேக் தளர்ந்துபோய், சின்னச் செய்தியும் பெரிதாகப் போய்ச் சேர ஆரம்பிக்கிறது. உங்கள் எம்.ஆர்.ஐ.-யில் ஜவ்வு பிதுங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கல் இருந்தது, 80 வயதில் 84 சதவீதம். தலைமுடி நரைக்கிற மாதிரி முதுகெலும்புக்கும் ஒரு நரை உண்டு. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து குனியவே பயப்படுபவர்களிடம் இதை நான் மறக்காமல் சொல்வேன்.

இனி முதல் கேள்வி. போகுமா? போகாது. குறையலாம், அதுவும் கொஞ்சம். இதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘நரம்பு மாத்திரை, ஒரு மாசத்துல சரியாயிடும்’ என்று சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நாள்பட்ட கீழ்முதுகுவலிக்காரர்கள் 146 பேரை வைத்து ஆறு மாதம் ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு அமிட்ரிப்டிலின் 25 மி.கி. மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுக்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பென்ஸ்ட்ரோபின் 1 மி.கி. கொடுத்தார்கள். காரணம் கெட்டிக்காரத்தனமானது. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், வாய் உலர்ந்ததை வைத்தே ‘நமக்கு நிஜ மருந்து கிடைத்திருக்கிறது’ என்று ஆள் கண்டுபிடித்துவிடுவார். பென்ஸ்ட்ரோபினும் வாயை உலர்த்தும், அதனால் யாராலும் ஊகிக்க முடியாது. இப்படிக் கறாராக நடத்தியதில், வலி குறைந்த அளவில் இரு பக்கத்துக்கும் உறுதியான வித்தியாசம் வரவில்லை. மூன்றாம் மாதத்தில் அன்றாட வேலைகளைச் செய்ய முடிவதில் மட்டும் அமிட்ரிப்டிலின்காரர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். 146 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துக் கதவைச் சாத்திவிட முடியாது. ஆனால் ‘நிச்சயம் கேட்கும்’ என்று சொல்லவும் இடமில்லை.

டுலாக்செட்டின் பக்கம் சான்று கொஞ்சம் தேவலை. நாள்பட்ட முதுகுவலிக்கும் சேர்த்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் எல்லா வகை நாள்பட்ட வலிகளுக்குமான மனச்சோர்வு மருந்து ஆய்வுகள் 176-ஐச் சேர்த்து எடைபோட்டது, 28,000 பேருக்கு மேல். அதில் ஓரளவு நம்பிச் சொல்ல முடிந்தது டுலாக்செட்டினைப் பற்றி மட்டும்தான், 60 மி.கி.-க்கு மேல் கூட்டினாலும் லாபம் இல்லை என்பதும் அதிலேயே வந்தது. அமிட்ரிப்டிலினைப் பற்றி நம்பகமாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் டுலாக்செட்டின் தரும் நன்மையின் அளவையும் பாருங்கள். முதுகுவலி, மூட்டுவலிக்கான ஆய்வுகளை மட்டும் தொகுத்து 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை, இந்த வகை மருந்துகள் முதுகுவலியைக் குறைத்தது 0 முதல் 100 வரையான அளவுகோலில் சராசரி 5 புள்ளிதான் என்றது. 60-ல் இருந்த வலி 55 ஆகும். 10 புள்ளியாவது குறைந்தால்தான் ஆளுக்கு அது உறைக்கும் என்று அந்தக் கட்டுரையே கணக்கு வைத்திருந்தது.

அதனால்தான் வழிகாட்டு நெறிமுறைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2017-ல், உடற்பயிற்சி முதலான மருந்தில்லா வழிகள், அதன்பின் சாதாரண வலி மாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் டுலாக்செட்டின் என்று வரிசை போட்டது. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகள் வகுக்கும் நைஸ் அமைப்பு வெறும் கீழ்முதுகுவலிக்கு இந்த மாத்திரைகளே வேண்டாம் என்கிறது. அதே அமைப்பு 2021-ல், தெளிவான காரணம் கண்டுபிடிக்க முடியாத நாள்பட்ட வலிக்கு அமிட்ரிப்டிலினையும் டுலாக்செட்டினையும் யோசிக்கலாம் என்கிறது! உலக சுகாதார அமைப்பு 2023-ல் கீழ்முதுகுவலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. ஏறக்குறைய ஒரே மாதிரிச் சான்றைப் பார்த்துத்தான் இத்தனையும். லாபம் சின்னதாக இருக்கும்போது எடைபோடுபவரின் மனசுக்கு ஏற்றபடி தராசு சாயும்.

என் அனுபவத்தில் இதனால் நன்றாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் அனுபவத்தை நீங்கள் முழுசாக நம்பக் கூடாது. பலன் கிடைத்தவர்கள் என்னிடம் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். கிடைக்காதவர்கள் அடுத்த டாக்டரிடம் போய்விட்டார்கள், அவர்களை நான் எண்ணவே இல்லை. டாக்டர்களுடைய ‘எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கேன்’ என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஓட்டை இருக்கும்.

அப்படியானால் எதற்குக் கொடுக்கிறோம்? இரண்டு இடங்களில் எனக்கு இன்னும் இதன்மேல் மரியாதை இருக்கிறது. ஒன்று, வலி முதுகோடு நிற்காமல் பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும்போது, பாதம் எரியும்போது, ஊசி குத்தும்போது. சையாட்டிகா என்று சொல்வார்கள். இது நரம்பு வலி. சர்க்கரை நோய் நரம்பு வலியில் அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை மூன்றும் ஏறக்குறையச் சமம் என்று இங்கிலாந்தில் நடந்து 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. முதுகிலிருந்து இறங்கும் நரம்பு வலிக்கும் அதே பலன் இருக்குமா என்றால், இருக்கலாம் என்று நினைக்கிறோம், அங்கே சான்று பலவீனம்தான். உங்கள் வலி காலுக்கு இறங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டர் கேட்டிருப்பார்.

இன்னொன்று தூக்கம். உங்கள் கேள்வியில் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அதைப் பற்றித்தான் கேட்டிருப்பேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை முறை விழிக்கிறீர்கள், எழுப்புவது வலியா, மூத்திரமா, கவலையா, விடிந்து எழும்போது உடம்பு எப்படி இருக்கிறது? வலி தூக்கத்தைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மறுநாள் அதே முதுகு அதிகமாக வலிக்கும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. நல்ல திடகாத்திரமான ஆட்களை ஓரிரு ராத்திரி தூங்கவிடாமல் வைத்து, கையில் சூடோ அழுத்தமோ கொடுத்துப் பார்த்தால் வழக்கத்தைவிட முன்னதாகவே ‘வலிக்குது’ என்பார்கள். இது பலமுறை சோதித்த விஷயம். நாள்பட்ட வலிக்காரர்களில் முந்தைய ராத்திரித் தூக்கத்துக்கும் மறுநாள் வலிக்கும் உள்ள முடிச்சு, எதிர்ப்பக்க முடிச்சைவிடக் கெட்டியானது என்றுதான் படுகிறது. ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க முடிந்தால், முதுகு அப்படியே இருந்தாலும் அதைச் சுமக்கும் ஆள் கொஞ்சம் மாறியிருப்பார்.

அமிட்ரிப்டிலின் தூங்க வைப்பது மேலே சொன்ன பிரேக் சங்கதியால் இல்லை. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதால். சளி மாத்திரை போட்டால் சொக்குமே, அதே வழி. அதனால் தூக்கம் முதல் ராத்திரியே வரும். வலி குறைவதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். இது தெரியாமல் நாலு நாள் போட்டுவிட்டு ‘தூக்கந்தான் வருது, வலி அப்படியே இருக்கு’ என்று நிறுத்துபவர்கள் அதிகம். மறுநாள் காலையில் மப்பாக இருப்பதுதான் பெரிய தொந்தரவு. உங்கள் விஷயத்தில் அது விளையாட்டு இல்லை. ஒன்றரை ஷிஃப்ட் முடித்து எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் படுக்கப் போகும்போது மாத்திரையைப் போட்டால், காலை எட்டரைக்கு ஊசிக்கு முன்னால் உட்காரும்போதும் அது கண்ணில் நிற்கும். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் போட்டுவிடுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் காலை மப்பு பெரும்பாலும் குறையும். சனிக்கிழமை ராத்திரியில் ஆரம்பியுங்கள், ஞாயிற்றுக்கிழமை உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். முதல் ஒரு வாரம் காலையில் ஸ்கூட்டி ஓட்டுவதை யோசித்துச் செய்யுங்கள்.

வலி இல்லாத, வெறும் தூக்கமின்மைக்கு இந்த மாத்திரையை நான் எழுதுவதில்லை. அங்கே முதல் சிகிச்சை, தூக்கப் பழக்கத்தை முறையாக மாற்றும் நடத்தைப் பயிற்சிதான். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆள் நம் ஊர்களில் கிடைப்பது அபூர்வம் என்பது வேறு வருத்தம். ஆனால் அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ‘கால் மாத்திரை’ என்று ஆரம்பித்துப் பத்து வருடம் அல்பிரசோலத்தை விடமுடியாமல் தவிப்பவர்கள் எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பழகிவிடுமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில். சாராயத்துக்கோ அல்பிரசோலத்துக்கோ வருகிற ஏக்கம் இதில் வராது, நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டியதில்லை. ஆனால் உடம்பு அதற்கு ஒத்துப்போய்விடும். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கலையும், குமட்டும், எரிச்சல் வரும். 10 மி.கி. என்றால் இது லேசாக முடிந்துவிடும். டுலாக்செட்டினில் தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வும் வரும், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அட்டை தீர்ந்துபோனது, ஊருக்குப் போனேன், வாங்கவில்லை என்று மூன்று நாள் விட்டுவிட்டுப் ‘புதுசா ஏதோ வியாதி’ என்று பதறி வந்தவர்கள் உண்டு.

பக்கவிளைவில் வாய் உலர்வதும் மலச்சிக்கலும் பலருக்கும் கொஞ்சம் வரும். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். சிலருக்குப் பசி கூடி எடை ஏறும். படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்தால் கண் இருட்டும், அதனால் உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்து எழுங்கள். இவை தொந்தரவுகள். ஆபத்துகள் வேறு. என் ஆரம்ப வருடங்களில் அறுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவருக்கு எடுத்த எடுப்பில் 25 மி.கி. எழுதினேன். மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. புராஸ்டேட் வீக்கம் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி மூத்திரம் அடைத்துக்கொண்டு, அடிவயிறு கல் மாதிரி வீங்கி, மகன் தூக்கிக்கொண்டு ஓடி டியூப் போட்டு எடுத்தார்கள். மறுநாள் என்னைப் பார்க்க வந்தவர் கோபப்படவில்லை. ‘இத மட்டும் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேனே தம்பி’ என்றார். அதற்கப்புறம் நான் கேட்காமல் எழுதியதில்லை. புராஸ்டேட் தொந்தரவு, கண்ணில் அழுத்த நோய், இதயத் துடிப்பில் கோளாறு அல்லது சமீபத்திய மாரடைப்பு, வலிப்பு, கர்ப்பம், பாலூட்டுதல் இதில் எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அறுபத்தைந்துக்கு மேல் இந்த மாத்திரை தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கொண்டுவரும். உங்கள் மாமியார் முதுகுவலிக்கு இதில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மற்ற மாத்திரைகளோடு மோதுவதையும் பார்க்க வேண்டும். டிரமடால் கலந்த வலி மாத்திரை ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறி நடுக்கம், வியர்வை, படபடப்பு வரலாம், வலிப்புகூட வரலாம். ஃப்ளுவாக்செட்டின் போடுபவர்களுக்கு அமிட்ரிப்டிலின் ரத்தத்தில் தேங்கும். டுலாக்செட்டினோடு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் தொடர்ந்து போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும், ஏற்கெனவே வயிறு எரியும் உங்களுக்கு இது முக்கியம். அப்புறம் நம் ஊர்க் கடைகளில் பிரிகாபலின், கபாபென்டின் எல்லாம் நார்ட்ரிப்டிலினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருகின்றன. நார்ட்ரிப்டிலின் அமிட்ரிப்டிலினின் தம்பி. ஒரு டாக்டர் அதையும் இன்னொருவர் இதையும் எழுதினால் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டதாகிவிடும். பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி. கடைசியாக, இந்த மாத்திரை மொத்தமாக உள்ளே போனால் இதயத்தை நிறுத்திவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் நீங்கள் கூச்சத்தில் வைத்த பீரோவே சரியான இடம், பூட்டி வையுங்கள்.

மனசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான். டாக்டர் உங்களை மனநோயாளியாக நினைத்து இதை எழுதவில்லை என்றேன். அதற்காக மனச்சோர்வே இருக்காது என்று அர்த்தமில்லை. ஐந்து வருடம் வலியோடும் தூக்கமில்லாமலும் இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு அது சேர்ந்தே வருகிறது. எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். 10 மி.கி. அமிட்ரிப்டிலின் அதற்குப் போதாது, அதற்கான சிகிச்சை தனி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எந்த மாத்திரையையும் நம்பி உட்காரக் கூடாத நிலைகளும் இருக்கின்றன. மூத்திரமோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் படுத்தாலும் குறையாத வலி இருந்தால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைத்தே ஆக வேண்டும். அதைத் தாமதமாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு தடவையும் நாங்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் என்ன சொல்வேன்? மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லையென்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போட்டுப் பார் என்பேன், ஆனால் தேதி குறித்துக்கொண்டு. ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கித் தினமும் மூன்று எண் எழுதுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன், வலி பத்துக்கு எத்தனை, மெஷினை விட்டு எழாமல் எத்தனை நிமிடம் தைக்க முடிந்தது. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மூன்று எண்ணில் ஒன்றுகூட நகரவில்லை என்றால் குறைத்து நிறுத்திவிடலாம், வருடக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை. நகர்ந்திருந்தால் சில மாதம் தொடர்ந்துவிட்டு, நிறுத்திப் பார்க்கும் முயற்சியைச் செய்ய வேண்டும். தூக்கம் கொஞ்சம் திரும்பியதும் கிடைக்கிற தெம்பை நடைக்கும் பிசியோ சொல்லித்தந்த பயிற்சிக்கும் செலவழியுங்கள். நாள்பட்ட முதுகுவலியில் உடம்பை அசைப்பது உதவும் என்பதில்தான் எல்லா நெறிமுறைகளும் ஒரே குரலில் பேசுகின்றன. மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நிற்பதற்கு சூப்பர்வைசர் முறைப்பார், பீஸ் ரேட்டும் அடிபடும். இருந்தும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்.

மாத்திரையின் பெயரை எழுதியிருக்கிறீர்கள், எத்தனை மி.கி. என்று எழுதவில்லை. பீரோவைத் திறந்து அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 10 என்று இருந்தால், டாக்டரிடம் அந்த ஒரு வார்த்தை பேசிவிட்டு, நோட்டில் ஒரு வாரம் எழுதியபின் வரும் சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கலாம். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால், முதல் தடவையே இவ்வளவா, பத்தில் ஆரம்பிக்கலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள்.